வீடு சூடாகவில்லை என்றால், ஹீட் பம்ப் நிறுவியவருக்கு மீதித் தொகையைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் மனை வாங்கி, எங்கள் குடும்பம் வாழ்வதற்கென நாங்களே முன்னின்று ஒரு வீடு கட்டினோம். சுவர்களுக்கும் கூரைக்கும் இன்சுலேஷன் வைக்கும் வேலையை நானும் என் தம்பியும் செய்தோம். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் 8 கிலோவாட் ஹீட் பம்ப்பை, எம்சிஎஸ் (ஹீட் பம்ப் போன்றவற்றை நிறுவுவோருக்கான பிரிட்டனின் தரச்சான்றுத் திட்டம்) சான்று பெற்ற ஒரு நிறுவனம் வடிவமைத்து நிறுவியது. கீழ்த்தளத்தில் தரைக்கு அடியில் குழாய்கள், மேல்தளத்தில் ரேடியேட்டர்கள். மொத்த விலை 14,800 பவுண்டு. அரசு மானியமான 7,500 போக, எங்கள் பங்கில் 4,100 கொடுத்துவிட்டோம், 3,200 பாக்கி. முன்பணம் 1,000 பவுண்டைக் கடன் அட்டையில் செலுத்தினேன். "35 பாகை நீரிலேயே வீடு முழுவதும் சூடாகும், ஆண்டுச் சராசரித் திறன் 3.8 கிடைக்கும்" என்று, அதாவது ஓர் அலகு மின்சாரத்துக்கு 3.8 அலகு வெப்பம் கிடைக்கும் என்று, ஒப்பந்தத்துக்கு முன் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். குளிர்காலம் வந்ததும் படுக்கையறைகள் 16 பாகையைத் தாண்டவில்லை. பிறகு அவர்களே நீரின் வெப்பத்தை 55 பாகைக்கு உயர்த்தினார்கள். அறைகள் சூடாயின, ஆனால் மீட்டரில் திறன் 2.3 ஆக இறங்கிவிட்டது. "உங்கள் இன்சுலேஷன் சரியில்லை, பாக்கியைக் கொடுக்காவிட்டால் வழக்குப் போடுவோம்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: பாக்கியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதே, நீங்கள் சொல்லும் விவரங்களைப் பார்க்கும்போது, என் கருத்து. ஆனால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்காமல், திருத்தச் செலவு எவ்வளவு என்று அறியாமல், முழுத் தொகையையும் பிடித்துக்கொண்டு மௌனமாக இருந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீதிமன்றத்தில் நீங்கள் பணம் கொடுக்காத வாடிக்கையாளராகத்தான் தெரிவீர்கள்.

வீட்டைக் கட்டுவதில் நீங்களே ஈடுபட்டதால் உங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்பு கிடையாது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். உங்கள் தொழிலுக்காக அல்லாமல் குடும்பம் வாழ்வதற்காக வீடு கட்டும் தனிநபர் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி நுகர்வோர்தான். அச்சட்டத்தின் 49ஆம் பிரிவு, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. 10ஆம் பிரிவின்படி, நீங்கள் தெரிவித்த குறிப்பிட்ட நோக்கத்துக்கு, அதாவது இந்த வீட்டைச் சூடாக்குவதற்கு, பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும். 15ஆம் பிரிவின்படி, விற்றவரே நிறுவிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் தவறாக நிறுவுவதும் பொருளின் குறையாகவே கருதப்படும். இந்த உரிமைகளை ஒப்பந்தத்தின் சிறு எழுத்து வாசகங்களால் பறிக்க முடியாது.

உங்களிடம் இருக்கும் வலுவான ஆவணம் அந்த மின்னஞ்சல். சேவை பற்றி வணிகர் சொன்னதையோ எழுதியதையோ நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால், அது ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே ஆகிவிடுகிறது என்று 50ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 35 பாகை என்பதை விற்பனைப் பேச்சு என்று இப்போது ஒதுக்கிவிட அவர்களால் முடியாது. "கட்டட விதிகளே 55 பாகை வரை அனுமதிக்கின்றனவே" என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள 'பகுதி எல்' (கட்டட விதிகளில் ஆற்றல் சிக்கனம் பற்றிய பகுதி) வழிகாட்டி, புதிய வீடுகளின் வெப்பமூட்டும் நீருக்கு 55 பாகையை உச்சவரம்பாக வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது எவரும் மீறக் கூடாத எல்லை; உங்களுக்குத் தரப்பட்ட உறுதிமொழியோ அதைவிடக் கடுமையானது. தரக்குறிப்பைப் பின்பற்றினோம் என்பது மட்டும் எப்போதும் போதுமான விடையாகாது என்பதை பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017இல் ஹோய்கார்ட் எதிர் ஈ.ஆன் வழக்கில் தெளிவாக்கியது. கடலில் நட்ட காற்றாலைகளின் அடித்தளங்கள் ஒரு சர்வதேசத் தரக்குறிப்பின்படியே வடிவமைக்கப்பட்டன. பிழை அந்தத் தரக்குறிப்பிலேயே இருந்தது. ஆயினும் ஒப்பந்தத்தில் 20 ஆண்டு ஆயுள் என்று ஒரு வரி இருந்ததால், பொறுப்பு ஒப்பந்தக்காரர் மீதே விழுந்தது.

இனி உங்கள் தகராற்றின் மையத்துக்கு வருகிறேன். ஹீட் பம்ப் வடிவமைப்பு முழுவதும் ஒரே ஓர் ஆவணத்தின் மேல் நிற்கிறது: அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு. எம்சிஎஸ் தரத்தின்படி இதை பிஎஸ் ஈஎன் 12831 என்ற தரக்குறிப்பின் முறையில் செய்ய வேண்டும். வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட வெளிவெப்பநிலையில் வீட்டின் முழுத் தேவையையும் ஹீட் பம்ப் ஈடுசெய்ய வேண்டும். சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் போகும், சன்னல் வழியாக எவ்வளவு, காற்றுக் கசிவால் எவ்வளவு என்று அதில் ஊகங்கள் இருக்கும். உங்கள் தகராற்றின் உண்மையான கேள்வி, அந்த ஊகங்களில் எது பொய்த்தது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான். முழுவதையும் ஒரே நிறுவனம் கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. தானே வீடு கட்டுபவர் சுவரைத் தன் கையில் வைத்துக்கொண்டு குழாயை இன்னொருவரிடம் கொடுப்பதால், குறை அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

அதனால் உங்களிடம் ஒரு கசப்பான கேள்வியையும் கேட்டாக வேண்டும். வரைபடத்தில் இருந்த இன்சுலேஷன் தடிமனையே வைத்தீர்களா, அல்லது வேலையின் நடுவில் வேறு பொருளுக்கு மாறினீர்களா? கட்டட ஆய்வு முடிந்து நிறைவுச் சான்றிதழ் கிடைத்ததே என்று நீங்கள் நினைக்கலாம். அது இந்தக் கேள்விக்கு விடையல்ல. 'பகுதி எல்' புதிய வீட்டின் வெளிச்சுவருக்கு யூ மதிப்பு (சுவர் வழியே வெப்பம் வெளியேறும் அளவு; குறைவாக இருந்தால் நல்லது) 0.26 வரை அனுமதிக்கிறது. குறைந்த ஆற்றலில் இயங்கும் வீட்டின் வரைபடத்தில் 0.15 என்று இருப்பது சாதாரணம். காற்றுக் கசிவிலும் அப்படியே: 50 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 8 கன மீட்டர் என்பது விதியின் எல்லை, வெப்ப இழப்புக் கணக்கில் 3 என்று எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே விதியைப் பூர்த்தி செய்யும் ஒரு வீடு, ஹீட் பம்ப் வடிவமைப்பாளர் கணக்கிட்ட வீடாக இல்லாமலும் போகலாம். அப்படி மாற்றம் நடந்திருந்தால், அதை அவர்களுக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்பதைத் தேடி எடுங்கள். தெரிவிக்கவே இல்லை என்றால் உங்கள் இழப்பீடு குறையலாம், சில சமயம் இல்லாமலும் போகலாம்.

நல்வாய்ப்பாக, இதற்கான சான்றுகள் பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கும். புதிய வீட்டுக்குக் காற்றுக் கசிவுச் சோதனை கட்டாயம். அதன் அறிக்கையில் உள்ள எண்ணை வெப்ப இழப்புக் கணக்கில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கட்டும்போதே இன்சுலேஷனைப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் 2022 முதல் விதியாக இருப்பதால், தம்பியோடு நீங்கள் செய்த வேலையின் படங்கள் நாளோடு கிடைக்கும். அசல் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். பொருள் வாங்கிய பட்டியல்களையும் சேர்த்து வையுங்கள்.

நீங்கள் கடிதத்தில் சொல்லிச் சென்ற ஒரு விவரம் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. குளிர்ந்தவை மேல்தளப் படுக்கையறைகள். கீழ்த்தளத்தைப் பற்றி நீங்கள் குறை சொல்லவில்லை. ரேடியேட்டர் விற்பனைப் பட்டியல்களில் போடும் வாட் அளவு, ரேடியேட்டருக்கும் அறைக்கும் 50 பாகை வேறுபாடு இருக்கும்போது கிடைப்பது. 35 பாகை நீர் ஓடினால், 18 பாகை அறையில் வேறுபாடு ஏறத்தாழ 15 பாகைதான். அப்போது அதே ரேடியேட்டர் பட்டியலில் உள்ள அளவில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தையே தரும். நீரை 55க்கு உயர்த்தினால் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதோடு பொருந்துகிறது. ரேடியேட்டர்களின் அளவையும் வகையையும் குறித்துக்கொண்டு, பட்டியல் அளவை ஐந்தால் வகுத்து, அந்தந்த அறையின் வெப்ப இழப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கின்படியே அவை போதாது என்றால், உங்கள் இன்சுலேஷன் எப்படி இருந்தாலும் ரேடியேட்டர் தேர்வு பிழையானதே. ஆயினும் கூரை இன்சுலேஷனில் இடைவெளி இருந்தாலும் மேல்தளம்தான் முதலில் குளிரும் என்பதால், ஒரு குளிர்ந்த நாளில் வெப்பப் படக் கருவியால் கூரையைப் பார்த்துவிடுவது நல்லது.

சான்றைத் திரட்டும் வரை எதையும் மாற்றாதீர்கள். இன்னொரு நிறுவனத்தை அழைத்துக் கருவியைத் திருத்தினால், குறை யாருடையது என்று நிரூபிக்கும் வழி அடைபடும். முதல் நிறுவனத்துக்குத் திருத்தும் வாய்ப்பு தரவில்லை என்ற எதிர்வாதமும் எழும். நுகர்வோர் சட்டம் முதலில் பழுது நீக்கக் கோரும் உரிமையையும், அதை நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் விலைக் குறைப்பையும் தருகிறது. நீரை 55க்கு உயர்த்தியதே பழுது நீக்கம் என்று அவர்கள் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். வாக்களித்த நிலையிலிருந்து விலகியதைத் திருத்தம் என்று கூற முடியாது.

ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். அறைவாரியான வெப்ப இழப்புக் கணக்கு, ரேடியேட்டர் தேர்வு அட்டவணை, ஒப்பந்தத்துக்கு முன் தந்த செயல்திறன் மதிப்பீடு, இயக்கிவைத்தபோது எழுதிய பதிவு ஆகிய நான்கையும் 14 நாட்களுக்குள் கேளுங்கள். 35 பாகையில் எல்லா அறைகளும் வடிவமைப்பு வெப்பநிலையை அடையும்படி எப்போது, எப்படித் திருத்துவீர்கள் என்று கேளுங்கள். திருத்தும் வரை எவ்வளவு தொகையை, எந்தக் காரணத்துக்காக நிறுத்திவைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். குற்றஞ்சாட்டும் சொற்கள் வேண்டாம்.

எவ்வளவு நிறுத்திவைக்கலாம்? 1972இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போல்ட்டன் எதிர் மகாதேவா வழக்கு இதற்கு நேரடியாகப் பொருந்தும். 560 பவுண்டு மொத்த விலைக்குப் பொருத்திய வெப்பமூட்டும் அமைப்பு வீட்டைப் போதுமான அளவு சூடாக்கவில்லை, புகையும் கசிந்தது. திருத்தச் செலவு ஏறத்தாழ 174 பவுண்டு. வேலை சாராம்சத்தில் முடியவில்லை என்று கண்ட நீதிமன்றம், பொருத்தியவருக்கு விலையில் எதுவுமே கிடைக்காது என்று தீர்த்தது. ஆனால் இதை நம்பி முழுப் பாக்கியையும் மறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1952இன் ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்கில், வேலை சாராம்சத்தில் முடிந்திருந்தால் திருத்தச் செலவைக் கழித்து மீதியைக் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. 55 பாகையிலாவது உங்கள் வீடு சூடாகிறது என்பதால் நீதிபதி இந்த வழியில் செல்ல இடமுண்டு. எனவே ரேடியேட்டர்களை மாற்றுவதற்கு ஒரு சுயாதீன வல்லுநரிடம் எழுத்துமூல மதிப்பீடு பெற்று, அந்தத் தொகையையும் இதுவரை கூடுதலாக எரிந்த மின்சாரத்தின் விலையையும் நிறுத்திவைத்து, மீதி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரக் கணக்கைப் போடுவது எளிது. வீட்டுக்கு ஆண்டுக்கு 9,000 அலகு வெப்பம் தேவை என்றால், 3.8 திறனில் ஏறத்தாழ 2,370 அலகு மின்சாரம் போதும், 2.3 திறனில் 3,910 ஆகும். உங்கள் வெப்ப மீட்டரின் எண்ணை வைத்து இதே வித்தியாசத்தைக் காட்டுங்கள். மாதந்தோறும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

அவர்கள் அசையவில்லை என்றால் எம்சிஎஸ் அமைப்பிடம் புகார் செய்யலாம். சான்று தக்கவைப்பது அவர்களுக்கு முக்கியம் என்பதால் இது பல சமயம் பலன் தருகிறது. முன்பணத்தைக் கடன் அட்டையில் செலுத்தியதால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால், விற்றவரின் ஒப்பந்த மீறலுக்கு அட்டை நிறுவனமும் பொறுப்பு; நீங்கள் அட்டையில் செலுத்திய 1,000 பவுண்டு மட்டுமல்ல, முழு இழப்பையும் கோரலாம். வழக்கு வந்தால், 10,000 பவுண்டுக்கு உட்பட்ட கோரிக்கை சிறு வழக்குப் பிரிவில் நடக்கும். 2024 மே முதல் அங்கே பணக் கோரிக்கைகளுக்கு இலவச சமரசப் பேச்சில் பங்கேற்பது கட்டாயம். ஒப்பந்த மீறலுக்கு வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு என்றாலும், காத்திருந்தால் சான்றுகள்தான் தேயும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதன் கெடு குறுகியது. தானே வீடு கட்டுபவர் பொருட்களுக்குக் கொடுத்த மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தை வீடு நிறைவடைந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் கொடுக்க முடியும். இந்தத் தகராறு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய வீட்டில் ஹீட் பம்ப் வழங்கி நிறுவுவதற்கு வரி விகிதம் சுழியம். நிறுவனத்தின் விலைப்பட்டியலில் 20 சதவீதம் சேர்த்திருந்தால், வரித்துறை அதைத் திருப்பித் தராது. பட்டியலைத் திருத்தி அந்தப் பணத்தை நிறுவனமே திருப்பித் தர வேண்டும். மேலே சொன்ன கடிதத்திலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.