ஊர் வீட்டுக்குப் போகும் மசே நிதி

கேள்வி: எனக்கு வயது 62. சிங்கப்பூரின் யீஷூனில் கடன் அடைத்து முடித்த நான்கறை வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். அவர் வேலைக்குச் சென்றதில்லை. மாதச் செலவு 1,600 வெள்ளி. மசே நிதி (மத்திய சேமநிதி, CPF) ஓய்வுக்காலக் கணக்கில் ஏறத்தாழ 120,000 வெள்ளி உள்ளது; 65 வயதிலிருந்து மாதம் 800 வெள்ளி அளவில் கிடைக்குமாம். அதே நிதியின் சாதாரணக் கணக்கில் 46,000 வெள்ளி மிச்சம். 55 வயதுக்குப் பிறகு தங்கை பிள்ளைகளின் காதுகுத்து, திருமணச் சீர் என்று அதிலிருந்து அவ்வப்போது எடுத்து அனுப்பி வந்தேன். இப்போது மன்னார்குடியில் வீடு கட்ட 25,000 வெள்ளி கேட்கிறாள். அதைக் கொடுத்துவிட்டு, மீதியை ஒரு முகவர் சொல்லும் முதலீட்டுடன் இணைந்த காப்புறுதியில் போட்டு, அடுத்த ஆண்டு வேலையை விடலாமா?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது காப்புறுதியைப் பற்றி; ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது, தங்கையிடமிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் சாதாரணக் கணக்கைத் திறக்கும் பழக்கம்தான். 55 வயதுக்குப் பின் அந்தப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதாலேயே அது உபரிப் பணம் ஆகிவிடாது.

63 வயதில் வேலையை விட்டால், 65 வரை இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளமும் இல்லை, மாதாந்தர வழங்குதொகையும் இல்லை. அந்த 24 மாதங்களுக்கு மாதம் 1,600 என்றால் 38,400 வெள்ளி வேண்டும். தங்கைக்கு 25,000 கொடுத்தபின் மிஞ்சும் 21,000 வெள்ளி பதின்மூன்று மாதங்களில் தீர்ந்துவிடும். 65க்குப் பிறகும் மாதம் 800 வெள்ளி பற்றாக்குறை இருக்கும். மனைவிக்கெனத் தனி மசே நிதி இல்லாத குடும்பத்தில் அது சிறிய தொகை அன்று.

தாய்மாமன் சீரின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சீரைச் சம்பளத்திலிருந்து செய்யுங்கள். வேலையில் இருக்கும்வரை மாதம் 150 வெள்ளி என்று ஒதுக்கி, வீட்டுக்கு அதிலிருந்து சேர்வதைக் கொடுங்கள். தொகையை இப்போதே தங்கையிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது, அஸ்திவாரம் போட்டபின் கைவிரிப்பதைவிட அவருக்கும் நல்லது.

46,000 வெள்ளியில் 30,000 வெள்ளியை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றுங்கள். சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டுக்குப் பதிலாக இப்போது 4 விழுக்காடு வட்டி கிடைக்கும். 65 வயதில் வழங்குதொகை, தோராயமாக, மாதம் 180 வெள்ளி கூடும். மாற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். உங்கள் நிலையில் இதுவே பெரிய பாதுகாப்பு, ஏனெனில் எந்த உறவினரின் அவசரத்துக்கும் அது கரையாது. எஞ்சிய 16,000 கைச்செலவுக்கும் எதிர்பாராத தேவைக்கும் இருக்கட்டும்.

அந்தக் காப்புறுதித் திட்டம் வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் கட்டணங்கள் கணிசமாகப் பிடிக்கப்படும், இடையில் விலகினால் இழப்பு, சந்தை சரிந்தால் மதிப்பும் சரியும்; இரண்டு ஆண்டுகளில் பணம் தேவைப்படும் 62 வயதுக்காரரிடம் இதை விற்க முன்வருவது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

வேலையையும் விடாதீர்கள். 2026 ஜூலை 1 முதல் சட்டப்படியான ஓய்வு வயது 64, மறுவேலை வயது, அதாவது ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர வாய்ப்புத் தரவேண்டிய வயது வரம்பு, 69. தகுதியுள்ள ஊழியருக்கு மறுவேலை வழங்க முன்வரும் கடமை முதலாளிக்கு உண்டு. உடல் இடங்கொடுத்தால் 67 வரை வேலை செய்து, வழங்குதொகையையும் அதுவரை தள்ளிவையுங்கள். தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 7 விழுக்காடு வரை உயரும். 800உம் 180உம் சேர்ந்த 980 வெள்ளி ஏறத்தாழ 1,100ஐத் தாண்டும். முழுநேரம் கடினமென்றால், நேரத்தைக் குறைத்த வேலைக்கு ஒப்பந்தம் மாற்ற முடியுமா என்று இந்த மாதமே மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.