நல்ல கண்ணை மூடுவது எதற்கு?

கேள்வி: 5 வயதுப் பையனுக்கு மாறுகண், ஒரு கண்ணில் பார்வையும் மங்கல். வளர வளரத் தானாகச் சரியாகுமா, கண்ணை மூடும் பேட்ச் ஒட்டித்தான் ஆகவேண்டுமா?

தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்கு முதல் மூன்று, நான்கு மாதம் கண் அப்படி இப்படி ஓடும். அதற்குப் பிறகும் ஓடினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நாங்கள் ஒரு வருடத்தை வீணாக்கினோம். 'லேசான மாறுகண் அதிர்ஷ்டம்' என்று காரைக்குடியில் பார்த்தவர்கள் எல்லாம் சொல்ல, நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம்.

மகளுக்கு நாலரை வயதில் தெரிந்ததுகூட தற்செயல்தான். வளவில் கண்ணாமூச்சி ஆடும்போது இடது கண்ணை மட்டும் பொத்தினேன், சும்மா நின்றாள். வலது கண்ணைப் பொத்தியதும் என் கையைப் பிய்த்து எறிந்துவிட்டு அழுதாள்.

மதுரையில் மூன்று நாள் அட்ரோபின் களிம்பு (கண் ஃபோகஸ் செய்வதைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்து) போட வைத்து, அப்புறம் பவர் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் பிளஸ் பவர், இடதில் ரொம்ப அதிகம். அந்தப் பவரோடு தெளிவாகப் பார்க்கச் சிரமப்படும்போதுதான் கண் மூக்குப் பக்கம் இழுக்கிறதாம். கண்ணாடி போட்டதும் கண் ஏறக்குறைய நேரானது. ஆனால் பார்வை முழுதாக வரவில்லை. மாறுகண் வேறு, சோம்பேறிக் கண் வேறு. மங்கலாக வரும் படத்தை மூளை ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் அந்தக் கண்ணையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. இதனால்தான் மாறுகண்ணுக்கு ஆபரேஷன் செய்தாலும் கண் நேராகுமே தவிர, பார்வை வராது.

நாலு மாதம் கண்ணாடி மட்டும். பிறகு வலது கண்ணில் தினம் 2 மணி நேரம் பேட்ச். நல்ல கண்ணை மூடினால்தான் மூளை இடது கண்ணைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். "ஏன்த்தா, நோவுள்ள கண்ணை விட்டுப்புட்டு நல்ல கண்ணையா மூடச் சொல்றாக?" என்று அப்பத்தாவுக்குத் தாங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போனால் பேட்ச் கழன்றுவிடும்! அவரையே பொறுப்பாக்கியதும்தான் வழிக்கு வந்தது. பேட்ச் நேரம் முழுக்க இருவரும் பல்லாங்குழி. முதல் வாரம் குழியைக் கையால் தடவித்தான் சோழி போட்டாள். மூன்றாம் மாதம் ஒருநாள், ஆட்டத்தின் நடுவே, "அப்பத்தா, தோட்டில ஒரு கல்லைக் காணோமே" என்றாள். உண்மையிலேயே காணோம்! அன்று வீடே முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை குனிந்து தேடியது.

எத்தனை மணி நேரம் என்பது டாக்டர் சொல்வதுதான். நடுத்தரக் குறைபாட்டுக்கு 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்கு ஈடு என்று 2003-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. குறைபாடு கடுமையாக இருந்தால் கூடுதல் நேரம். பேட்சை அடியோடு ஒப்பாத பிள்ளைக்கு, நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கலாக்க, அதில் அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. பேட்சைத் தோலில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியில் துணி கட்டினால் பிள்ளைகள் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

7 வயதுக்குள் பலன் நன்றாக இருக்கும். அதற்கு மேல் 12 வரைகூட ஓரளவு முன்னேறுகிறார்கள், ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. பார்வை வந்ததும் பேட்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறுத்திய ஒரு வருடத்துக்குள் நாலில் ஒரு பிள்ளைக்கு மறுபடி இறங்குகிறது. நாங்கள் இன்னும் சோதனைக்குப் போய் வருகிறோம்.

ஒன்று மட்டும்: கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் பேட்ச், கண்ணாடி என்று யோசிக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.