பிள்ளை யாரிடம் ஒட்டிக்கொள்கிறது? சிங்கப்பூர்ப் பாலர் கல்வி ஆசிரியையின் பதில்கள்

செங்காங் தாய்: என் 14 மாத மகள் இல்லப் பணிப்பெண்ணிடமே தாவுகிறாள். நான் வேலை முடிந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் இடம் பறிபோய்விட்டதா, டீச்சர்?

பறிபோகவில்லை, அம்மா. ஷாஃபர், எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் எழுதியபோது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தாய், தந்தை, பாட்டி எனப் பலரிடம் பிணைப்புக் கொண்டிருந்ததைக் காட்டினார்கள். யார் அதிக நேரம் உடனிருந்தார்கள் என்பதைவிட, அழுகைக்கும் சிரிப்புக்கும் யார் உடனே செவிசாய்த்தார்கள் என்பதே அந்தப் பிணைப்பின் வலிமையைத் தீர்மானித்தது. எனவே மாலையில் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது ஆகியவற்றில் ஒன்றையேனும் நாள்தோறும் நீங்களே செய்யுங்கள். அந்நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பணிப்பெண்ணின் மீதுள்ள அன்பைக் குறைக்க முயலாதீர்கள். அவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது பிள்ளை தூங்கும் வேளையில் அனுப்பிவிடாமல், விடைபெற வைத்து அனுப்புங்கள்.

பிடோக் தந்தை: பத்து மாத மகன், மனைவி குளியலறைக்குச் சென்றாலே அழுகிறான்.

எட்டாம் மாத வாக்கில் தொடங்கும் இயல்பான பிரிவு அச்சம் இது. சொல்லிவிட்டுச் செல்லுங்கள்; நழுவிச் செல்லாதீர்கள்.

ஈசூன் தாய்: பேறுகால விடுப்பு முடிந்ததும் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிறேன். பாதிப்பு வருமா?

இங்கே இரண்டு மாதத்திலிருந்தே கைக்குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். உங்கள் கவலை பலருக்கும் உண்டு. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு, வெளிப் பராமரிப்பு என்ற ஒன்றினால் மட்டும் தாய்-சேய்ப் பிணைப்பு குலைவதில்லை என்று கண்டது. தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பது குறைந்து, அத்துடன் பராமரிப்பின் தரமும் தாழ்ந்திருந்த இடத்தில்தான் பிணைப்பு ஆட்டம் கண்டது. நிலையத்தைப் பார்க்கச் செல்லும்போது ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: என் குழந்தையை நாள்தோறும் ஒரே ஆசிரியர் கவனிப்பாரா?

ஜூரோங் பாட்டியும் பொங்கோல் தாயும் இதற்குள் வாதத்தில் இறங்கிவிட்டார்கள். “வீட்டில் நான் இருக்கும்போது வேற்றாளான பணிப்பெண் கையில் பேரனை விடலாமா?” என்கிறார் பாட்டி, “பாட்டி வளர்த்தால் செல்லம் மிஞ்சிவிடும்” என்கிறார் தாய்.

இருவருமே பிள்ளையை விட்டுவிட்டு உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்திற்காக 1951இல் அறிக்கை எழுதிய பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி, தாயுடனோ தாயின் இடத்தில் நிலையாக இருப்பவருடனோ அமையும் இதமான, இடையறாத உறவே குழந்தைக்குத் தேவை என்றார். பாட்டியிடம் அந்த நிலைப்பு இருக்கிறது. அது பெரும் பேறு. ஆயினும் அழும் குழந்தையைத் தூக்குவது செல்லம் ஆகாது என்பதைப் பொங்கோல் அம்மாவும், பணிப்பெண்ணைப் பிள்ளையின் முன் கடிந்துகொண்டால் அவன் நம்பும் ஒருவரைச் சிறுமைப்படுத்துகிறோம் என்பதை ஜூரோங் பாட்டியும் உணர வேண்டும். பகலில் பாட்டி, மாலையில் பெற்றோர், உதவிக்குப் பணிப்பெண் என்று முறை வகுத்து, அதை வாரந்தோறும் மாற்றாமல் இருந்தால் பிள்ளைக்கு அதுவே போதும்.

உட்லண்ட்ஸ் தந்தை: எங்கள் மகனும் பணிப்பெண்ணையே தேடுகிறான்.

செங்காங் தாய்க்குச் சொன்னதே உங்களுக்கும்.

தெம்பனிஸ் தாய்: பிள்ளை பொம்மையில் மூழ்கியிருக்கும்போது ஓசையின்றிக் கிளம்பிவிட்டால் அழமாட்டாள் அல்லவா?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: வேண்டாம். அன்றைக்கு அழாமல் இருக்கலாம்; மறுநாள் முதல் உங்கள் மீதுள்ள கண்ணை எடுக்கமாட்டாள்.

தோ பாயோ தாய்: இரண்டரை வயது மகள் மற்ற பிள்ளைகளுக்கு அருகில் அமர்ந்து தனியாகவே விளையாடுகிறாள்.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே விவரித்த இணை விளையாட்டு அது. இவ்வயதுக்கு உரியதே; கூடி விளையாடுவது பின்னர் வரும்.

புக்கிட் பாத்தோக் தந்தை: ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதுமில்லை. பணிப்பெண்ணிடம் வளர்வதாலா?

அதைக் காரணமாகக் கொண்டு காத்திருக்காதீர்கள், ஐயா. இது என் துறைக்கு அப்பாற்பட்டது. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்துடன் இந்த வாரமே பலதுறை மருந்தகத்திற்கு, அதாவது அரசு மருத்துவ நிலையத்திற்குச் சென்று, செவித்திறனையும் வளர்ச்சியையும் பரிசோதிக்குமாறு கேளுங்கள்.