கல்லைச் செதுக்க மான்கொம்பு வேண்டுமா?

கேள்வி: பூண்டி அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்த்தது முதல் நானும் ஓர் அம்புமுனை செதுக்க விரும்புகிறேன். அதற்கு மான்கொம்பு நுனி பொருத்திய கருவியை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி? – வாசகர், ஊத்துக்கோட்டை

பதில்: கல்லைவிட மென்மையான கொம்பு, கல்லின் விளிம்பை நழுவாமல் கவ்விக்கொள்ளும் என்பதால்தான் பிற நாடுகளில் அதை விரும்புகிறார்கள், ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டில், சத்தியவேடு பக்கத்துக் காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்து வராதீர்கள். செம்பே போதும். உள்ளங்கைக்கு அடக்கமான மரப்பிடியில் துளையிட்டு, சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியை இறுக்கமாகச் செருகிப் பசையிட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே நீட்டி, நுனியை மழுங்கிய கூம்பாக அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

கல்லின் விளிம்பை முதலில் சொரசொரப்பான கல்லில் உரசிக்கொள்ள வேண்டும். மெல்லிய விளிம்பில் அழுத்தினால் அது நொறுங்குமே தவிர, சில்லு பெயராது. தடித்த தோலை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, அதன் விளிம்பில் செம்பு நுனியால் முதலில் உள்நோக்கியும் பின்பு கீழ்நோக்கியும் அழுத்துங்கள். பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த பழங்கற்காலக் கைக்கோடரிகள், இப்படி அழுத்தி அல்ல, அடித்துச் செதுக்கப்பட்டவை. குவார்ட்சைட் என்னும் அந்தக் கடினமான கல், அழுத்திச் செதுக்கும் இம்முறைக்கு எளிதில் இணங்காது. தடித்த கண்ணாடிப் புட்டியின் அடிப்பாகத்தில் பழகுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்து, திறந்தவெளியில்.