ஆட்டின் முட்டிச் சிராய்ப்புக்கு வளர்ச்சிக் காரணிக் களிம்பு வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் பால் ஆடுகள் வளர்க்கிறோம். ஈரச் சிமெண்ட் தரையில் வழுக்கி, ஓர் ஆட்டுக்கு முன்கால் முட்டியில் 50 காசு நாணய அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. நொண்டவில்லை, தீனியும் எடுக்கிறது. வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பு என்று இணையத்தில் 80 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் வழுக்கும் இடத்துக்கு ரப்பர் பாய் வாங்கிப் போடுங்கள்.

வளர்ச்சிக் காரணி என்பது செல்களை வளரத் தூண்டும் புரதம்; பொய்ச் சரக்கு இல்லை. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை எலிக்குட்டிகளுக்கு ஊசி போட்டபோது, அவை வழக்கத்தைவிட முன்னதாகவே கண் திறந்ததை ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்தார். அதிலிருந்து அவர் பிரித்தெடுத்த புரதம்தான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சின்னக் காயத்துக்கு அதனால் எவ்வளவு லாபம்? 1989இல் வெளியான ஓர் ஆய்வில், ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த 12 பேரின் புண்களில் பூசிப் பார்த்தார்கள். ஒரே ஆளுக்கு ஒரு புண்ணில் காரணி சேர்த்த களிம்பு, இன்னொன்றில் காரணி சேர்க்காத அதே களிம்பு. காரணி பூசிய புண் சராசரியாக ஒன்றரை நாள் முன்னதாக ஆறியது, அவ்வளவுதான். 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காரணிக் களிம்பும் நீரிழிவு நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்குத்தான்.

உங்கள் ஆட்டுக்கு ரத்தம் கசிந்த அந்த நிமிடமே தட்டணுக்கள் இதே வகைக் காரணிகளைப் புண்ணில் கொட்டிவிட்டன. இன்னொன்று, இவை புரதங்கள். நம் ஊர் வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வரும் குப்பியில் எவ்வளவு வீரியம் மிஞ்சும்?

புண்ணைக் காயவிடாமல் ஈரப்பதம் காப்பது நல்லது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் உண்டு. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். காய்ந்து பொருக்குத் தட்டியவற்றைவிட அவற்றில் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் படர்ந்தது.

அதனால் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவுங்கள். அப்புறம் வாசலின் மெல்லிசாகப் பூசினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றாதீர்கள், புதுத் தோலையும் அது அரித்துவிடும். முட்டியில் கட்டு நிற்காது. நழுவி, சாணியில் ஊறினால் கெடுதல்தான்.

காலையும் மாலையும் குனிந்து பாருங்கள். ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் உள்நோக்கி நகர்ந்தால் சரி. வீக்கம், சூடு, நாற்றம், ஈ வைத்த புழு எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். ஆட்டுக்கு ஏற்புஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றே பதிவேட்டைப் பாருங்கள். மருத்துவர் மருந்து ஏதும் கொடுத்தால், எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்று கேட்டுக் கொட்டகைப் பலகையில் எழுதி வையுங்கள்.