கெடிலக் கரையில் நடைபாதை: மனு எழுதுவதற்கு முன்னால்

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். அண்ணா பாலத்தில் இருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை, கெடிலத்தின் வடகரையை ஒட்டி ஒரு நடைபாதை வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் இரண்டு வருடமாகக் கேட்கிறது. மாநகராட்சியில் கேட்டால் கரை எங்களுடையது இல்லை என்கிறார்கள். கவுன்சிலர் நிதி இல்லை என்கிறார். யாரிடம் போவது, எதில் தொடங்குவது? பேவர் பிளாக் போடச் சொல்லலாமா, கான்கிரீட்டா?

பதில்: கரை எங்களுடையது இல்லை என்று அவர்கள் சொன்னது தட்டிக்கழிப்பது போலத் தோன்றியிருக்கும். பெரும்பாலும் அது உண்மையான பதில். உங்கள் வேலையும் அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது.

ஆற்றங்கரை பார்ப்பதற்கு ஒரே கோடாகத் தெரியும். நில ஆவணத்தில் அது பல துண்டுகள். ஒரு துண்டு ஆற்றுப் புறம்போக்கு, நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அடுத்தது மாநகராட்சித் தெரு. அதை அடுத்து யாரோ ஒருவரின் பட்டா நிலம் கரை வரைக்கும் வந்திருக்கும். கடலை நெருங்க நெருங்க மீனவர்கள் தலைமுறையாகப் படகு ஏற்றி, வலை உலர்த்தும் இடம் வரும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'நடைபாதை அமைத்துத் தரவும்' என்று ஒரே மனு கொடுத்தால், அதை வாங்கும் எந்த அதிகாரிக்கும் அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்காது. மனு மேசை மேசையாகச் சுற்றும். உங்கள் இரண்டு வருடம் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதலில் நடந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, சங்கத்தில் நாலைந்து பேர், கையில் நில அளவை வரைபடம். எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடமும், நிலம் யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும். நகர்ப்பகுதிக்கு டவுன் சர்வே பதிவைக் கேட்டு வாங்குங்கள். நூறு மீட்டருக்கு ஒரு முறை நின்று மூன்று விஷயம் எழுதுங்கள்: சர்வே எண் என்ன, நிலம் யாருடையது, இப்போது அங்கே யார் என்ன செய்கிறார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாடு கட்டுகிறார்களா, துணி துவைக்கிறார்களா, பள்ளிப் பிள்ளைகள் குறுக்கு வழியாகப் போகிறார்களா, எல்லாம் எழுத வேண்டும். புல் தேய்ந்து வெறும் மண் தெரியும் ஒற்றையடித் தடம் எங்கே எல்லாம் இருக்கிறதோ, அங்கே மக்கள் ஏற்கெனவே பாதை போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் தடத்தை விட்டு விலகிப் போட்ட பாதையில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் குறிப்பேடு கையில் வந்ததும் பாதை நாலைந்து துண்டாகத் தானே பிரிந்து தெரியும். அதில் அனுமதிச் சிக்கல் மிகக் குறைவான துண்டை, அது இருநூறு மீட்டராக இருந்தாலும் சரி, முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது மாநகராட்சித் தெருவை ஒட்டிய பகுதியாக இருக்கும். ஒரு நிபந்தனை: மீதிப் பாதை வராமலே போனாலும் அந்தத் துண்டு தனியாகப் பயன்பட வேண்டும். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் இருந்தால் பயன்படும். முள்காட்டில் தொடங்கி முள்காட்டில் முடிந்தால் அடுத்த வருடமே பாட்டில்தான் கிடக்கும்.

ஆற்றுப் புறம்போக்குத் துண்டுகளுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அவர்களுடைய கவலையைப் புரிந்துகொண்டு பேசுங்கள். கரை என்பது வெள்ளத் தடுப்பு. 2015 மழையும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் கடலூருக்கு என்ன செய்தன என்று உங்களுக்கே தெரியும். கரையை வெட்டுவது, ஆற்றுப் பக்கச் சரிவில் அஸ்திவாரம் தோண்டுவது, கரை மேல் மரம் நடுவது எல்லாம் அவர்களுக்கு ஆகாது. பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். உடைப்பு எடுத்தால் ஜே.சி.பி.யும் மணல் மூட்டை லாரியும் கரை மேலே போயாக வேண்டும். 'கரையை வெட்ட மாட்டோம், உயரத்தைக் குறைக்க மாட்டோம், வண்டி போகும் அகலத்தை அடைக்க மாட்டோம்' என்ற மூன்று உறுதியையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி கடலோரத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் நீர் ஏறி இறங்கும் ஆற்றுக்கும் அது பொருந்தும். வருடத்தின் மிக வறண்ட காலத்தில் ஆற்று நீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எந்த இடம் வரை இருக்கிறதோ, அந்த இடம் வரை ஆறும் கடல் கணக்குத்தான். 2011 அறிவிக்கையில் அப்படிப்பட்ட ஆற்றின் இரு கரையிலும் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது வரை விதி பொருந்தும். 2019 அறிவிக்கையில் அந்த 100 மீட்டரை 50 ஆக்கினார்கள். உங்கள் பாதையில் எந்தெந்தத் துண்டு இதற்குள் வருகிறது என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட மண்டல வரைபடம் ஒன்றுதான் சாட்சி. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகத்தான் இந்த விண்ணப்பம் மேலே போகும். மாதக்கணக்கில் ஆகலாம். கடல் பக்கத்துத் துண்டைக் கடைசிக்கு வைக்கச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மணல். புதுச்சேரியில் 1989-ல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர்கள் வந்த பிறகு, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து வெறும் கற்குவியலாக நின்றது. நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கெட்டியாக எதை வைத்தாலும் அதற்கு வடக்கே மணல் பட்டினி. உங்கள் நடைபாதை துறைமுகம் இல்லைதான். ஆனால் தேவனாம்பட்டினம் மணலில் பாதையைக் காப்பாற்ற ஒரு தடுப்புச் சுவர் போடலாம் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கடற்கரை விளிம்புக்கு முன்னாலேயே பாதை முடியட்டும். பிறகு மணலில் நடந்து போகலாம்.

அங்கே இன்னும் இரண்டு பேரைக் கேட்க வேண்டும். ஒன்று, மீனவர் பஞ்சாயத்து. வரைபடம் போட்ட பிறகு தகவல் சொல்வது மரியாதை ஆகாது. கோடு போடும் முன்னால் போய் உட்கார்ந்து, படகு இழுக்கும் தடம் எது, வலை விரிக்கும் இடம் எது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, வனத்துறை. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஊரும். கடல் பக்கம் உயரமான வெள்ளை விளக்கு போட்டால் குஞ்சு ரோட்டுக்கு வந்துவிடும். விளக்கு இடுப்பளவு உயரத்தில், மஞ்சள் ஒளியில், தரையைப் பார்த்து இருக்கட்டும். ஆமைக் காலத்தில் இரவில் அணைத்துவிட வேண்டும்.

சரி, பேவர் பிளாக்கா கான்கிரீட்டா? கரை மேலே இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடம் முன்பு வேறொரு கடலோர ஊரில் வாய்க்கால் கரையில் போட்ட பேவர் பிளாக் பாதையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். செப்டம்பரில் முடித்த வேலை. நவம்பரில் ஒரு வாரம் மழை. நான் போனபோது பாதி நீளத்துக்கு ஓரம் கீழே இறங்கி, பாதை படுக்கையில் சாய்ந்தது போல் கிடந்தது. குனிந்து ஓரத்துக் கல் ஒன்றை விரலாலேயே எடுத்தேன். அடியில் இருக்க வேண்டிய மணல் இல்லை, கைமுழுக்க உள்ளே போகும் பள்ளம். ஓரக்கல்லை கான்கிரீட்டில் பதிக்காமல் மண்ணில் நட்டிருந்தார்கள். புதிதாகக் கொட்டிய கரை மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்கவும் இல்லை. மேலே நின்ற ஒரு அம்மா, பழைய மண் பாதையே நன்றாக இருந்ததே என்றார். அவர் சொன்னது சரி.

கரை மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அமரும். அதன் மேல் கெட்டியான எதுவும் உடையும். செம்மண் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும்படி ரோலர் ஓட்டிய பாதை வெள்ளத்தில் அரித்தாலும் இரண்டு லோடு மண்ணில் சரியாகும். தெருவை ஒட்டிய கெட்டித் தரையில் பேவர் பிளாக் போடலாம். நடப்பதற்கு மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர் தடிமன் போதும், வண்டி ஏறும் இடத்தில் 80 கேளுங்கள். நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறைய வேண்டாம். சாய்தளம் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றத்துக்கு மேல் போகக் கூடாது. நுழைவில் கல் தூண் வைத்து டூவீலரைத் தடுக்கலாம் என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். டூவீலர் நுழையாத இடைவெளியில் சக்கர நாற்காலியும் நுழையாது. தூண் ஆட்டோவுக்கும் காருக்கும்தான். டூவீலரைத் தடுக்க ஆட்கள் நிறைய நடப்பது ஒன்றே வழி.

நிதிக்கு வருவோம். மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் மார்ச் வாக்கில் மன்றத்துக்கு வரும். ஜனவரிக்குள் உங்கள் துண்டின் மதிப்பீடு பொறியாளர் மேசையில் இருந்தால்தான் அதில் இடம் கிடைக்கும். ஏப்ரலில் போய் நிதி கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், கவுன்சிலர் பொய் சொல்லவில்லை. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். சிறிய துண்டுக்கு அது தோதான வழி. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும் உண்டு. எதைக் கேட்டாலும் பகுதி சபையில் ஒரு தீர்மானமாக நிறைவேற்றி வாங்குங்கள். 2022 விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் நடக்க வேண்டிய கூட்டம் அது. மனுவில் இருப்பது சங்கத்தின் ஆசை, தீர்மானத்தில் இருப்பது வார்டின் கோரிக்கை. அலுவலகத்தில் அந்த வித்தியாசம் பெரிது.

பணி ஆணை கொடுக்கும் மாதத்தைக் கவனியுங்கள். ஜூனுக்குள் வேலை தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடலாம். செப்டம்பரில் ஆணை வந்தால், ஜனவரியில் தொடங்குங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அவசரம் அவசரமாக ஈர மண்ணில் போட்ட வேலை நிற்காது. வேலை நடக்கும்போது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மதிப்பீட்டின் நகலையும் முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: அதே 2005 சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. சண்டைக்காக அதைக் கையில் எடுக்க வேண்டாம். ரோலர் ஓடும் நாளில் இரண்டு பேர் போய் நின்றாலே பாதி வேலை சரியாக நடக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் இருந்து மக்கள் எந்த வழியாக ஓடினார்கள் என்று அங்குள்ள பெரியவர்களைக் கேளுங்கள். உங்கள் பாதை அந்த வழியோடு சேருகிற இடத்தில் தடுப்போ கதவோ படியோ வைக்காமல், அகலமாக, இருட்டிலும் தடம் தெரியும்படி விடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். உடற்பயிற்சிக்கான பாதை என்று போகும் கோப்பையும், ஆபத்தில் ஊர் வெளியேறும் வழி என்று போகும் கோப்பையும் ஆட்சியர் அலுவலகம் ஒரே மாதிரி பார்க்காது.