பூட்டனின் ஊரைத் தேடுபவர்களுக்கு

கேள்வி: எங்கள் பூட்டன் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டமொன்றுக்கு வந்தவர். பழைய பத்திரமொன்றில் "திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா" என்று ஊர்ப்பெயரோடு இருக்கிறது. இணையத்தில் அந்த ஊரின் சனத்தொகை ஓரிடத்தில் மூவாயிரம், இன்னோரிடத்தில் எழுநூறு. ரயிலும் இல்லையாம். எது சரி, எப்படிப் போவது? தரகர் ஒருவர் கண்டுபிடித்துத் தரக் காசு கேட்கிறார். (வாசகர், திருகோணமலை)

பதில்: தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தேடுவதுதான் அவர்களுடைய பிழைப்பு. தமிழ்நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஏதோ ஒன்றுக்குக் கூட்டிப்போய், "இவர்தான் உங்கள் சொந்தம்" என்று ஒருவரைக் காட்டினால் நீங்கள் எதை வைத்து மறுப்பீர்கள்? தகரத்துண்டைக் (அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்குக் கொடுத்த அடையாளத் தகடு) காட்டி ஊர் சொல்கிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். அதில் தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் உரிய அடையாளங்கள்தான் பொறிக்கப்பட்டன. இந்திய ஊர் அதில் இல்லை.

உங்களிடம் தாலுகா பெயர் இருப்பது பெரிய பலம். துறையூர் இன்றும் திருச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று அதே ஜில்லாவில் இருந்த உடையார்பாளையம் என்றிருந்தால் இன்றைய அரியலூர் மாவட்டத்திலும், குளித்தலை என்றிருந்தால் கரூர் மாவட்டத்திலும் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். ஒன்று வருவாய்க் கிராமத்தின் (நிலப் பதிவுக்கான எல்லை) கணக்கு, மற்றது ஊராட்சியின் (கிராம உள்ளூராட்சி எல்லை) கணக்கு. ஓர் ஊராட்சிக்குள் பல ஊர்கள் அடங்கலாம். சின்னக் குடியிருப்புகளுக்குத் தனி எண்ணே கிடையாது. இந்தியாவின் 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஆறிலக்கக் குறியீடு உண்டு. அதைக் குறித்துக்கொண்டால் பெயர்க் குழப்பம் தீர்ந்தது. "2025 சனத்தொகை" என்று போடும் தளங்களை விடுங்கள். 2011 எண்ணைப் பெருக்கிப் போடுகிறார்கள். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. இருக்கிற கையேட்டிலும் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டல் கண்டபடி. தமிழ் ஊரைத் தமிழில் தேட முடியாமல் வைத்திருப்பதற்கு என்ன நியாயம்? தமிழ்நாடு அரசின் பட்டா (நில உரிமை) இணையப்பக்கத்தில் மாவட்டம், வட்டம் (தாலுகா), கிராமம் என்று தெரிவுசெய்யும் பட்டியல் தமிழில் வரும். சரியான பெயரை முதலில் அங்கே பிடியுங்கள்.

கிராமப் பட்டியலில் ஊரே இல்லையென்றால் பதற வேண்டாம். அது பேரூராட்சியாகியிருக்கலாம், அதாவது சிறுநகரமாக. துறையூர் பக்கத்து உப்பிலியபுரம் அப்படித்தான். பேரூராட்சி என்றால் கிராமப் பட்டியலில் எத்தனை தடவை தேடினாலும் வராது. நகரப் பட்டியலில்தான் இருக்கும். பூட்டனின் சிற்றூர் அதற்குள் ஒரு வார்டாகக் கரைந்திருந்தால், நீங்கள் காண்பது முழுப் பேரூராட்சியின் சனத்தொகை, உங்கள் ஊருடையதல்ல. அப்போது வார்டு வாரியான கணக்கைப் பார்க்க வேண்டும். "ஊர் அழிந்துவிட்டது" என்று தரகர் கதைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

அதே கையேட்டில் பஸ், ரயில் நிரல்களில் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலர் அதைத் தரவரிசை என்று நினைக்கிறார்கள். அது தூரம்: அந்த வசதி ஊரில் இல்லை, ஏ என்றால் 5 கிலோமீற்றருக்குள், பி என்றால் 5 முதல் 10, சி என்றால் 10க்கு மேல் கிடைக்கும். இதுவும் 2011 நிலவரம்தான். பஸ் பின்னர் வந்திருக்கலாம், நின்றும் போயிருக்கலாம்.

ரயில் இல்லாததை வைத்து ஊரை எடைபோடாதீர்கள். துறையூர் நகருக்கே ரயில் இல்லை. கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் எடுங்கள். துறையூரில் இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் போகாமல் பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம் கேளுங்கள்: ஊருக்குள் போகும் பஸ் எத்தனை மணிக்கு, திரும்பும் கடைசி பஸ் எப்போது? சில ஊர்களில் இரவு பஸ் அங்கேயே தங்கி விடியத்தான் திரும்பும். அதனால் காலையிலேயே போங்கள், அறையைத் துறையூரிலோ திருச்சியிலோ எடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்க நேர்ந்தால், வெளிநாட்டவர் தங்குவதை அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். போகுமுன்பே அவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.